கதண்டு கொட்டிய பிறகு நெஞ்சு வலித்தால்

சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் தென்னை ஏறுபவர்களுக்குக் கதண்டு என்ற விஷக் குளவியின் கொட்டு புதிதல்ல. சுண்ணாம்பைத் தடவிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். சிலருக்கு மட்டும் கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் காணாக்கடி போலத் தடித்து, மூச்சு முட்டி, கூடவே நெஞ்சும் வலிக்கும். பயத்தில் வந்த வலி என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மாரடைப்பாகவே இருக்கலாம்.

கூனிஸ் சிண்ட்ரோம் என்ற பெயரில் 1991 முதல் மருத்துவ உலகம் அறிந்த நோய் இது. ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் தோலில் இருப்பதுபோல இதய ரத்தக்குழாய்ச் சுவரிலும் உண்டு. ஒவ்வாமை வந்ததும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தையும் ட்ரிப்டேஸ், கைமேஸ் என்ற நொதிகளையும் அவை வெளியே விடும். ஹிஸ்டமினால் குழாய் இறுகிச் சுருங்கும். அடைப்பே இல்லாத இளவட்டத்துக்கும் மாரடைப்பு வருவது இப்படித்தான். கொழுப்புப் படிந்த குழாய் என்றால் மற்ற இரண்டும் படிவின் மேல்மூடியை அரிக்கத் துணைபோகும். மூடி கிழிந்த இடத்தில் ரத்தம் உறையும். வைத்த ஸ்டென்டுக்குள்ளும் உறையலாம். ஆன்டிபயாடிக் ஊசி, டைக்ளோஃபினாக், ஸ்கேனுக்குப் போடும் கான்ட்ராஸ்ட், இறால் என்று எதுவும் இதைக் கிளப்பலாம்.

நெஞ்சுவலி என்றதும் நாக்கடியில் ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரை வைக்கும் பழக்கம் இங்கே ஆபத்து. ஒவ்வாமையில் ஏற்கெனவே இறங்கிய பிரஷரை அது இன்னும் இறக்கும். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத்திணறினால் சாய்த்து உட்காரவையுங்கள். எழுந்து நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சின்ன கிளினிக்குகளில் அவில் (ஒவ்வாமை மருந்து), டெக்சா (ஸ்டீராய்டு) ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். பிரஷர் இறங்கினாலோ மூச்சு முட்டினாலோ அது போதாது. பெரியவர்களுக்கு அட்ரினலின் அரை மில்லிகிராம், அதாவது 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் அரை மில்லி, வெளித்தொடைத் தசையில் உடனே போக வேண்டும். தேறாவிட்டால் 5 நிமிடத்தில் இன்னொன்று. இதயம் தாங்குமா என்ற தயக்கத்தில் தள்ளிப்போடுவதே பெரிய கேடு. நரம்பில் நேராக ஏற்றினால்தான் குழாய் இன்னும் சுருங்கும் அபாயம் கூடுதல். பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அட்ரினலின் சரியாகப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஈசிஜி, இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் சோதனையோடு ட்ரிப்டேஸுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும்: 4 மணி நேரத்துக்குள் ஒன்று, 24 மணி நேரம் கழித்து ஒன்று. பிந்தைய அளவை (ஒரு மில்லியில் இத்தனை நானோகிராம் என்ற கணக்கில்) 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள். முந்தைய அளவு அதை எட்டினால் மாஸ்ட் செல் கிளர்ந்தது உறுதி. எட்டாததால் மட்டும் இல்லை என்றாகாது. பிந்தைய அளவே 20-க்கு மேல் என்றால் மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும் மாஸ்டோசைட்டோசிஸ் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்று அனுப்பப்பட்டவர்களுக்கும் இந்தச் சோதனை அவசியம்.