தலை எண்ணாத செயற்கைக்கோளும் தலை எண்ணும் இணையமும்: சிறு தமிழ் அலைவரிசைகளின் நாளைய நிலை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரமும் செம்பனையும் லயத்து வீடுகளின் கூரையைத் தாண்டி வளர்ந்து நின்றாலும், அவ்வீடுகளில் உள்ள, ஆஸ்ட்ரோ என்னும் கட்டணத் தொலைக்காட்சிச் சேவையின் டிஷ் பெரும்பாலும் தடங்கலின்றி இயங்குகிறது. இதற்குக் காரணம் எளிய வடிவியல். ஆஸ்ட்ரோ பயன்படுத்தும் மியாசாட் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிலைகொண்டிருக்கின்றன. பேராக்கிலிருந்து பார்த்தால் அந்த இடம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 77 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, தென்மேற்காகச் சற்றே சாய்ந்து அமைகிறது. ஆகவே மரமோ குன்றோ குறுக்கிடுவது அரிது. குறுக்கிடுவது பிற்பகல் இடிமழைதான். டிஷ் தொலைக்காட்சிக்குப் பயன்படும் கேயு அலைக்கற்றையில் வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் என்பதால், கனத்த மழைத்துளிகள் அதன் ஆற்றலை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. முதலில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, பிறகு திரை கறுத்துப்போகிறது.

மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. இத்தனை சிறிய சமூகத்துக்கென 1996 முதல் ஆஸ்ட்ரோ வானவில் ஒளிபரப்பாகி வருவதையும், அதைத் தொடர்ந்து வேறு பல தமிழ் அலைவரிசைகள் வந்ததையும் புரிந்துகொள்ள, செயற்கைக்கோளின் செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டும். பூமியிலிருந்து ஏறிவரும் அலையை வாங்கி, வலுவூட்டி, வேறு அலைவெண்ணில் திருப்பி அனுப்பும் கருவிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். 36 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு டிரான்ஸ்பாண்டர் இன்றைய முறையில் நொடிக்குச் சுமார் 60 மெகாபிட் தரவைச் சுமக்கும். அதற்குள் உயர்துல்லிய அலைவரிசைகள் எட்டு, பத்து அடங்கிவிடும். அந்த இடத்துக்கான வாடகையைக் கட்டியபின், அலைவரிசையை நூறு பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் செலவில் ஒரு காசும் ஏறுவதில்லை, இறங்குவதும் இல்லை. யார் பார்க்கிறார்கள் என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

வருமானமும் அதே போக்கில்தான் அமைந்திருந்தது. சந்தாதாரர் ஒரு தொகுப்பை வாங்குகிறார்; அத்தொகுப்பில் உள்ள அலைவரிசைக்கு, அவர் அதைத் திறந்து பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், சந்தாதாரர் எண்ணிக்கையை வைத்து மாதாமாதம் ஒரு பங்கு போய்ச் சேருகிறது. செய்தியை மட்டுமே பார்க்கும் வீட்டின் பணம் பக்திப் பாடல் அலைவரிசையையும் தாங்கியது. தொடரை மட்டுமே பார்க்கும் வீட்டின் பணம் சிறுவர் நிகழ்ச்சியையும் தாங்கியது. இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வோர் பலர் உண்டு. ஆனால் சிறுபான்மை மொழி ஒன்று தொலைக்காட்சியில் நிலைத்து நிற்க இதைவிட நல்ல பாதுகாப்பு இதுவரை அமையவில்லை என்பதே என் கருத்து.

இணையவழி ஒளிபரப்பு இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. நேரலைப் படம் சர்வரில் சில நொடி நீளமுள்ள சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக வைக்கப்படுகிறது. கைப்பேசியில் உள்ள செயலி இணைப்பின் வேகத்தை அளந்தபடியே, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவு செய்கிறது. இணைப்பு பலவீனமானால் முகங்கள் மங்குமே தவிர, படம் உடனே நின்றுவிடாது. சில துண்டுகளை முன்கூட்டியே சேமித்துக்கொண்ட பிறகே செயலி ஓட்டத் தொடங்குவதால் நேரலை பல நொடிகள் பிந்தி வருகிறது. டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கோல் விழுந்த ஆரவாரம் கேட்டு ஓய்ந்த பிறகுதான், செயலியில் பார்ப்பவரின் திரையில் பந்து வலைக்குள் போகிறது.

ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனிப் பிரதி போகிறது என்பதுதான் இங்கே முக்கியம். நொடிக்கு 5 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரம் பார்த்தால் 2.25 கிகாபைட் தரவு செலவாகும். தீபாவளி இரவில் ஒரு லட்சம் வீடுகள் ஒரே நிகழ்ச்சியைச் செயலியில் திறந்தால், சர்வர்கள் நொடிக்கு 500 கிகாபிட் அனுப்ப வேண்டும்; அதையே செயற்கைக்கோள் சில மெகாபிட்டில் முடித்துவிடும். ஆனால் முந்நூறு பேர் மட்டுமே பார்க்கும் அலைவரிசைக்கு இணையம் மிக மலிவு, ஏனெனில் அந்த முந்நூறு பிரதிகளுக்கான செலவு மட்டுமே அதற்கு ஆகும். ஆகவே சிறு அலைவரிசைகளைக் கொண்டுசேர்க்கும் செலவு கொல்லும் என்ற பரவலான அச்சம் சரியன்று. தொகுப்பு அவிழ்ந்து, பார்த்த நிமிடத்துக்கு மட்டுமே பணம் என்ற நிலை வருவதுதான் அவற்றுக்கு உண்மையான ஆபத்து.

அந்தத் தொகுப்புகளிலிருந்து முதலில் வெளியேறியவை பெரிய நிறுவனங்களின் அலைவரிசைகளே. டிஸ்னி நிறுவனம் 2021 அக்டோபர் 1 அன்று தென்கிழக்காசியாவிலும் ஹாங்காங்கிலும் 18 அலைவரிசைகளை மூடியது. அதற்குச் சொந்தச் செயலி இருந்தது. பார்வையாளர்களை அங்கே அழைத்துக்கொள்ள முடிந்தது. சிறு தமிழ் அலைவரிசைக்கு அப்படி ஒரு மாற்று வீடு கிடையாது.

அதற்குப் பொருந்தக்கூடிய வழி, விளம்பர ஆதரவில் இயங்கும் இலவச இணைய அலைவரிசை. 2013இல் தொடங்கிய புளூட்டோ டிவியும், 2015இல் வந்த சாம்சங் டிவி பிளஸும் இம்முறையைப் பரவலாக்கின. பழைய நாடகங்கள், இசைக் கச்சேரிகள், நேர்காணல்கள் ஆகியவை சர்வரில் கோப்புகளாக இருக்க, மென்பொருள் அவற்றை நேர அட்டவணைப்படி அடுக்கி, இடைவிடாத ஒரே ஓட்டமாக வெளியிடுகிறது. விளம்பர இடைவேளை வரும் இடம் ஓட்டத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு விளம்பரத்தைச் சர்வர் சேர்த்து அனுப்ப முடியும். இதன் விளைவு தோட்டப்புற ஊர்களுக்குப் பெரிது. செயற்கைக்கோள் விளம்பரம் நாடு முழுவதும் போவதால், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் உள்ள நகைக்கடைக்கோ சேலைக்கடைக்கோ அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது. தன் ஊர் வீடுகளுக்கு மட்டும் விளம்பரம் போகும் என்றால், சில நூறு ரிங்கிட் செலவழிக்க அவர்கள் முன்வரக்கூடும்.

நிகழ்ச்சிகளை நூலகம்போல் குவித்துவைத்துத் தேடிக்கொள்ளச் சொல்வதைவிட இந்த முறை மேலானது என்று உறுதியாகச் சொல்வேன். செம்பனைக் காட்டில் வேலை முடித்து வந்து பசியாறியவரும், வீட்டில் தனித்திருக்கும் பாட்டியும் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யப் போவதில்லை. ரிமோட்டில் 201 என்ற அலைவரிசை எண்ணை அழுத்தினால் ஏதோ ஒரு தமிழ்க் குரல் வர வேண்டும். எதைப் பார்ப்பது என்று யாரோ முன்பே யோசித்து வரிசைப்படுத்தித் தருவதுதான் அலைவரிசை செய்யும் பணி. அதைச் செயற்கைக்கோள் வழியாகவும் செய்யலாம், இணையம் வழியாகவும் செய்யலாம்.

இடையில் நிற்பது கடைசி மைல், அதாவது வீட்டு வாசல்வரை இணைய இணைப்பைக் கொண்டுசேர்ப்பது. நகரை ஒட்டிய தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, கண்ணாடியிழை இணைப்பு வந்துவிட்டாலும், தோட்டத்து உட்பாதையில் சில வீடுகளுக்காக அதைப் பல கிலோமீட்டர் இழுப்பதில் இலாபம் குறைவு. அங்கே இணையம் என்பது கைப்பேசித் தரவுதான். நாளுக்கு மூன்று மணி நேரம் பார்க்கும் குடும்பத்துக்கு மேற்சொன்ன வீதத்தில் மாதம் 200 கிகாபைட்டுக்கு மேல் வேண்டும். 2022 ஜூனில் ஏவப்பட்ட மியாசாட்-3டி, அதே 91.5 பாகையில் நின்று தொலைக்காட்சியையும் அதிவேக இணையத்தையும் சேர்த்தே சுமக்கிறது. அதன் வடிவமைப்பு ஆயுள் 15 ஆண்டுகளுக்குக் குறையாது. எனவே டிஷ் நோக்கும் திசையில் ஒரு செயற்கைக்கோள் 2030களின் பிற்பகுதி வரை இருக்கும். அதற்குள் தோட்டத்து வீடுகளுக்கு நிலையான இணைப்பு போய்ச் சேர வேண்டும். அதுவரை தமிழ் அலைவரிசைகள் இரு வழியிலும் ஒளிபரப்பாக வேண்டும். செயலியில் பார்ப்போரின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஓர் அலைவரிசையின் தேவையை அளந்தால், டிஷ் வழியாக மட்டுமே பார்க்கும் இந்த வீடுகள் கணக்கில் வராமலே போய்விடும்.