உச்சத்தில் தொலையும் உயிரெழுத்து

ஆபரா விமர்சனங்களில் சோப்ரானோ, அதாவது மிக உயர்ந்த பெண்குரல் பாடகிகள் மேல் ஒரு புகார் அலுக்காமல் வந்துகொண்டே இருக்கும். குரல் அருமை, ஆனால் வார்த்தை ஒன்றும் புரியவில்லை. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘லா ட்ராவியாட்டா’ ஆபராவில் முதல் அங்கத்தை முடிக்கும் நாயகி வியோலெட்டாவின் பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் வெர்டி எழுதிய உச்ச சுரம் நொடிக்குச் சுமார் 1,100 அதிர்வுகள். பலர் முடிவில் அதற்கும் மேலே ஒரு சுரத்துக்குத் தாவுவார்கள். அது வெர்டி எழுதியதல்ல, கைதட்டலுக்காகச் சேர்ந்தது. அவ்வளவு உயரத்தில் சொல் மங்குவதற்குப் பாடகியைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

குரல்நாண்கள் அதிரும்போது ஒரே ஓசை மட்டும் வருவதில்லை. அடிப்படை அதிர்வோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று ஒரு வரிசையே சேர்ந்து எழும்பும். தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் அவற்றில் சிலவற்றை மட்டும் தூக்கிக் கொடுக்கும். எவை தூக்கலாக வருகின்றன என்பதை வைத்துத்தான் நம் காது ‘ஈ’, ‘ஆ’ என்று பிரிக்கிறது. குழாய் இப்படித் தூக்கிக் கொடுக்கும் இடத்துக்கு ஒத்ததிர்வு என்று பெயர். ‘ஈ’ சொல்லும்போது முதல் ஒத்ததிர்வு 300 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 300 அதிர்வுகளை, ஒட்டி இருக்கும். ‘ஆ’ என்றால் 700க்கு மேல்.

பேசும் பெண்குரல் 200 ஹெர்ட்ஸ் என்றால் 200, 400, 600 என்று புள்ளிக் கோலம்போல நெருக்கமாகப் புள்ளிகள் விழும். கோலம் என்ன வடிவம் என்று பார்த்ததும் தெரியும். சோப்ரானோக்களின் ‘ஹை சி’ (high C) என்ற உயர்ந்த சுரத்தில் முதல் புள்ளியே 1,047இல், அடுத்தது 2,094. இவ்வளவு தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்தால் கோலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம் இன்னொரு சங்கடம். மைக் கிடையாது. கீழே முழு வாத்தியக்குழு முழங்குகிறது. அதன் பலம் 500 ஹெர்ட்ஸை ஒட்டி அதிகம். அதை மீறிக் கடைசி வரிசை வரை போக, பாடகி தாடையை இறக்கி வாயை அகலத் திறந்து, குழாயின் ஒத்ததிர்வைத் தான் பாடும் சுரத்துக்கே உயர்த்துகிறார். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் சின்னத் தள்ளலே போதும் அல்லவா, அதே சங்கதிதான். பாடிக்கொண்டிருக்கும்போதே சோப்ரானோக்களின் வாய்க்குழாயை அளந்து சிட்னி ஆய்வாளர்கள் 2004இல் இதை உறுதி செய்தார்கள். ஓசை கிடைக்கிறது, ஆனால் வாய் அப்படித் திறந்திருக்கையில் ‘ஈ’ ‘ஆ’வின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

குரல் ஆடுகிறது என்ற புகார் வேறு. அதில் நியாயம் இருக்கலாம். நீண்ட சுரத்தில் குரல் லேசாக மேலும் கீழும் அசைவதை விப்ராட்டோ என்பார்கள். நல்ல விப்ராட்டோ நொடிக்கு 5 முதல் 7 முறை அசையும். அதைவிட மெதுவானால் காதுக்கே தள்ளாட்டம் தெரியும்.

குரலுக்குச் சம்பந்தமில்லாத தீர்ப்புகளும் உண்டு. 1853 மார்ச் 6 அன்று வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கில் முதல் வியோலெட்டாவாக ஃபேனி சால்வினி-டொனாட்டெல்லி பாடினார். முதல் அங்கத்துக்குக் கைதட்டல். கடைசி அங்கத்திலோ, காசநோயில் சாகிறவள் இவ்வளவு பருமனா என்று சிரித்தார்கள்.

வெர்டியே ஒருமுறை பாடகியின் அழகுக்குரலுக்கு எதிராகப் பேசியிருக்கிறார். 1848இல் நேப்பிள்ஸில் அவருடைய ‘மெக்பத்’ ஆபரா அரங்கேற இருந்தபோது, பாடகி ததோலினியின் குரல் தெளிவும் அழகும் நிறைந்தது, நாயகி லேடி மெக்பத்துக்கு வேண்டியது கரகரத்த, அடைபட்ட, இருண்ட குரல் என்று கடிதம் எழுதினார். அந்தப் பாத்திரம் தூக்கத்தில் நடக்கும் காட்சியை முடிக்கும் உச்ச சுரமும் ஏறக்குறைய 1,100 அதிர்வுகள்தான். ஆனால் அதை நூலிழைபோல மெல்லிய குரலில் பாடச் சொல்லி ஸ்கோரிலேயே, அதாவது எழுதிய இசைக்குறிப்பிலேயே, வெர்டி குறித்திருக்கிறார். அந்த இடத்தில் ஓசை போதவில்லை என்று எழுதும் விமர்சகர் ஸ்கோரைப் புரட்டவில்லை என்றுதான் அர்த்தம்.