எல்லோரும் தேடும் வாரத்தில் அந்தப் பக்கம் எந்த நாளில் நிற்கிறது?

ஓகஸ்ட் மாதத்தின் கடைசி வாரம் வந்தால் எங்கள் நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்ட வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியனைப் பற்றித்தான் கேட்பார்கள். 1803 ஓகஸ்ட் 25 ஆம் திகதி அவன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதை நினைவுகூரும் நாள் அந்த வாரத்தில் வருவதால், பேச்சுக்கும் கட்டுரைக்கும் செய்தி தேடிப் பிள்ளைகள் வருவார்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நெருங்கும்போது கண்ணகி வழிபாட்டைப் பற்றிக் கேட்பார்கள். கார்த்திகையில் மழை இறங்கியதும் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைப் பற்றிக் கேட்பார்கள். மழை ஓய்ந்த பின் காய்ச்சல்களைப் பற்றிக் கேட்பார்கள். வன்னியில் நெல்லுக்குக் காலபோகமும் சிறுபோகமும் இருப்பதுபோல் கேள்விகளுக்கும் போகம் உண்டு என்பதைப் பதினொரு ஆண்டுகளாக இந்த மேசையில் இருந்து கண்டிருக்கிறேன்.

முன்பு அந்தக் கேள்விக்கு நான் அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுப்பேன். இன்று வருகிற பிள்ளையின் கையில் ஏற்கெனவே கைத்தொலைபேசி இருக்கிறது, அதில் பெரும்பாலும் விக்கிப்பீடியாப் பக்கம் திறந்திருக்கிறது. இதில் எனக்கு வருத்தம் இல்லை. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை அதன் தொடக்க காலத்தில் ஏறத்தாழத் தனி ஆளாக நின்று கட்டியெழுப்பியவர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையைச் சேர்ந்த இ. மயூரநாதன், இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் உள்ளன. பேருந்துக் கட்டணம் கொடுத்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக முடியாத பிள்ளைக்கு அது பெரிய கொடை. ஆனால் எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே பக்கத்தைத் திறக்கும்போது அந்தப் பக்கத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்பதை நாங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

உலகம் எந்த வாரத்தில் எதைத் தேடியது என்பது மறைபொருள் அல்ல. விக்கிப்பீடியாவின் எந்தக் கட்டுரையை எந்த நாளில் எத்தனை முறை திறந்தார்கள் என்ற கணக்கு எவரும் பார்க்கக்கூடியதாக வெளியிடப்படுகிறது. அதற்கென உள்ள கருவியில் 2015 யூலை முதலான எண்களை வரைபடமாகவே காணலாம். யார் திறந்தார் என்பது அதில் இராது, எத்தனை முறை என்பது மட்டுமே இருக்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் தன்னார்வலர்கள் 2013 முதல் வாரந்தோறும் அதிகம் பார்க்கப்பட்ட 25 கட்டுரைகளைத் தொகுத்து, ஒவ்வொன்றும் ஏன் அந்த வாரம் மேலே வந்தது என்று சிறு குறிப்பும் எழுதி வருகிறார்கள். எண்ணை அவர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஒரு கட்டுரையின் பார்வைகள் ஏறத்தாழ எல்லாமே கணினியிலிருந்து வந்து, கைத்தொலைபேசியிலிருந்து ஒன்றும் வராவிட்டால், அதைத் திறந்தது மனிதர் அல்ல, ஏதோ தானியங்கி நிரல் என்று கருதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். எண்ணிக்கையையே ஐயுற்றுப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை நூலகத் தொழிலில் இருக்கும் நாங்களும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பட்டியல்களில் மேலே வருபவை பெரும்பாலும் மரணம், விளையாட்டு, திரைப்படம், தேர்தல் ஆகியவைதான். 2023 ஆம் ஆண்டு முழுவதற்குமான ஆங்கிலப் பட்டியலில் சட்ஜிபிடி பற்றிய கட்டுரை ஏறத்தாழ 4 கோடியே 95 இலட்சம் பார்வைகளோடு முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் இரண்டாம் இடத்திலும், உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி மூன்றாம் இடத்திலும், இந்தியன் பிரீமியர் லீக் நான்காம் இடத்திலும் இருந்தன. ஓர் ஆண்டில் இறந்தவர்களின் பட்டியலை நாள்தோறும் திறந்து பார்ப்பவர்கள் இத்தனை பேர் என்பதை முதன்முறை வாசித்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். காலைப் பத்திரிகையில் முதலில் மரண அறிவித்தலைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

கவனிக்க வேண்டியது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒருவர் இறந்த செய்தி வந்ததும் இலட்சக்கணக்கானோர் அவருடைய பக்கத்துக்குப் போகிறார்கள். அதே நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திருத்துபவர்களும் அங்கே கூடிவிடுகிறார்கள். 2022 செப்டெம்பர் 8 ஆம் திகதி இரண்டாம் எலிசபெத் மகாராணியின் மரணம் அறிவிக்கப்பட்ட சில நிமிடங்களிலேயே அவரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையின் வாக்கியங்கள் நிகழ்காலத்திலிருந்து இறந்தகாலத்துக்கு மாறின. அந்த வேகம் வியக்கத்தக்கது. ஆனாலும் மிக அதிகமானோர் வாசிக்கும் மணித்தியாலங்களே அந்தப் பக்கம் இன்னும் உலராத மணித்தியாலங்களாகவும் இருக்கின்றன. ஈரச் சுவரில் கை வைத்தால் கையிலும் சுண்ணாம்பு ஒட்டும், சுவரிலும் கை அடையாளம் விழும்.

2009 மார்ச் மாதத்தில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் ஜார் இறந்தபோது நடந்ததை நான் ஒவ்வோர் ஆண்டும் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குச் சொல்வேன். டப்ளினில் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், அந்த இசையமைப்பாளர் சொன்னதாகத் தாமே புனைந்த ஓர் உருக்கமான கூற்றை, மரணச் செய்தி வந்த உடனேயே அவருடைய விக்கிப்பீடியாப் பக்கத்தில் சேர்த்துவிட்டார். ஊடகங்கள் சரிபார்க்கின்றனவா என்று அறிவதே அவருடைய நோக்கம். சான்று இல்லை என்பதற்காக விக்கிப்பீடியாத் தொகுப்பாளர்கள் அதை நீக்கினார்கள். அதற்குள் பல நாட்டுப் பத்திரிகைகளின் அஞ்சலிக் குறிப்புகளில் அது ஏறிவிட்டது. அந்த மாணவரே ஒரு மாதம் கழித்து எழுதிச் சொன்ன பிறகுதான் பிழை வெளியில் தெரிந்தது. கலைக்களஞ்சியம் தன்னைத் திருத்திக்கொண்டது. அதிலிருந்து எடுத்தவர்களிடம் பிழை தங்கிவிட்டது. திரைப்பிடிப்பு எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் எங்கள் பழக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. அந்தப் படம் எடுத்த நிமிடத்திலேயே நின்றுவிடும், பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே, செய்தி சூடாக இருக்கும் வாரத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் மேலே உள்ள ‘வரலாற்றைக் காட்டவும்’ என்ற இணைப்பைத் தொடுங்கள். எந்த நாளில், எந்த நேரத்தில், எவர் எதை மாற்றினார் என்ற பட்டியல் அங்கே இருக்கும். இன்று காலையிலிருந்து இருபது திருத்தங்கள் நடந்திருந்தால் நீங்கள் வாசிப்பது முடிந்த கட்டுரை அல்ல என்று அறிந்துகொள்ளலாம். அதன் பின் நீங்கள் எடுக்க விரும்பும் வாக்கியத்தின் இறுதியில் சிறிய எண் ஒன்று உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தொட்டு, கீழே தரப்பட்டுள்ள சான்று உண்மையிலேயே அதைச் சொல்கிறதா என்று பாருங்கள். ‘சான்று தேவை’ என்ற குறிப்பு அருகில் இருந்தால் அந்த வாக்கியத்தை உங்கள் ஒப்படையில் எழுத வேண்டாம். பாதிப் பிள்ளைகள் வரலாற்றுப் பக்கத்தை என்னிடம் வந்துதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. எங்கள் பகுதிக்கு அதுவே அதிகம் பொருந்தும் என்பது என் கருத்து. பக்கம் அசையாமல் நிற்கும், ஊரில் நிலைமை ஓடிக்கொண்டிருக்கும். 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழைக்கும் வெள்ளத்துக்கும் பின்னர், டிசெம்பரில் யாழ் குடாநாட்டில் இன்னதென்று தெரியாத காய்ச்சலால் மரணங்கள் நிகழ்ந்தன. ஆய்வுகளின் பின்னர் அது எலிக்காய்ச்சல் என்று உறுதிப்படுத்தப்பட்டது. அந்த நாட்களில் இங்கும் பலர் அந்தப் பெயரைத் தேடினார்கள். ஒரு பிற்பகல் சாதாரண தர மாணவி ஒருத்தி தந்தையோடு வந்து, எலிக்காய்ச்சல் பற்றிய ஒரு பக்கத்தை அச்செடுத்துத் தரும்படி கேட்டாள். தந்தை வெள்ளம் வடிந்த வயலில் வேலை செய்து வருபவர்; இரண்டு நாட்களாகக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் இருந்தன.

“பெரும்பாலான ஆக்களுக்கு லேசாத்தான் வருமாம் தங்கச்சி, தானாவே மாறுமாம். இதில போட்டிருக்கு” என்று அவர் என்னிடம் காட்டினார்.

அவர் காட்டிய வரியில் பிழை இல்லை. அந்த நோய் பெரும்பாலானோருக்கு இலேசாகவே வந்து போகும் என்பது உண்மை. அந்த வரியை எழுதியவருக்கு வன்னியில் அந்த வாரம் எந்த வயலில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதோ, இவருடைய குதிக்காலில் வெடிப்பு இருந்தது என்பதோ தெரியாது. எலி, மாடு போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா, தோலில் உள்ள வெடிப்பும் புண்ணும் வழியாக உடலுக்குள் போகிறது. அறிகுறி தெரியப் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள் ஆகும். சிறுபான்மையினருக்குச் சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு உயிராபத்தாகும். அந்தச் சிறுபான்மையில் நாம் இல்லை என்று எந்தக் கலைக்களஞ்சியமும் உறுதி கூறாது. “அண்ணை, இது வருத்தத்தைப் பற்றி எழுதினது, உங்களைப் பற்றி எழுதினதில்லை. வயலுக்குள்ள நிண்டனான் எண்டு சொல்லி இப்பவே ஆசுபத்திரியில காட்டுங்கோ” என்றேன். அச்செடுத்த தாளை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மகளோடு வைத்தியசாலைக்குப் போனார். கிழமை கழிந்து குணமாகி வந்தார்.

அதன் பின்னர் மழைக்காலத்தில் எவராவது நோயொன்றின் பக்கத்தை அச்செடுக்கக் கேட்டால், அதனோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் அன்றைய அறிவித்தல் ஏதும் இருந்தால் அதையும் சேர்த்தே கொடுக்கிறேன். நோய் என்னவென்று அறியப் பக்கம் உதவும். வயலில் இறங்குபவர்களுக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் வில்லை வழங்கப்படுகிறதா, எந்தக் கிராமத்தில் வழங்கப்படுகிறது, யார் அதை எடுக்கக்கூடாது என்பவற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்தான் கேட்க வேண்டும்.

தேடும் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் நுளம்பு என்போம், தமிழ்நாட்டில் கொசு என்பார்கள். நாங்கள் கச்சான் என்போம், அவர்கள் நிலக்கடலை என்பார்கள். ஒரு சொல்லில் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால் தமிழில் இல்லை என்று முடிவு செய்யாமல் மற்றச் சொல்லிலும் தேடிப் பார்க்க வேண்டும்.

2025 இல் இன்னொரு மாற்றத்தை விக்கிமீடியா அறக்கட்டளையே வெளியிட்டது. மனிதரைப்போல் நடித்த தானியங்கி நிரல்களைக் கழித்துக் கணக்கெடுத்தபோது, மனிதர் பார்க்கும் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஏறத்தாழ 8 வீதம் குறைந்திருந்தது. தேடுபொறியே செயற்கை நுண்ணறிவால் விடையைச் சுருக்கி மேலே எழுதிவிடுவதை ஒரு காரணமாக அவர்கள் கூறினார்கள். என் மேசையிலும் அதைக் காண்கிறேன். பிள்ளைகள் பக்கத்தைத் திறப்பதில்லை. மேலே வரும் நான்கு வரிகளை எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்த நான்கு வரிகளுக்கு வரலாற்றுப் பக்கம் கிடையாது. அவை எந்த நாளில் நிற்கின்றன என்று கேட்பதற்கு இடமே இல்லை.

கடந்த ஓகஸ்டில் வந்த ஒரு பையனின் கட்டுரையில், பண்டார வன்னியன் 1803 ஒக்டோபர் 31 ஆம் திகதி கற்சிலைமடுவில் வீரமரணம் அடைந்தான் என்று எழுதியிருந்தது. அது அப்படிச் சுருக்கி வந்த விடையொன்றிலிருந்து எடுத்தது. “தம்பி, கற்சிலைமடு எங்கே இருக்குது?” என்று கேட்டேன். “ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட மிஸ், அம்மம்மா வீடு அங்கதான்” என்றான். அந்த இடத்து நினைவுக்கல்லின் வாசகம் ஆங்கிலத்தில் உள்ளது. பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் 1803 ஒக்டோபர் 31 இல் இவ்விடத்துக்கு அருகில் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அதன் கருத்து. தோற்கடித்தார் என்றுதான் கல் சொல்கிறது. இறந்தான் என்று அது சொல்லவில்லை. அவன் இறந்த ஆண்டைப் பற்றி எழுதியவர்களிடையே ஒரே கருத்தும் இல்லை. உலகின் பெரிய பட்டியல்களில் இந்தப் பெயர் ஒருபோதும் வராது. ஆயினும் வன்னியில் எல்லோரும் அதைத் தேடும் அந்த ஒரு வாரத்தில் ஒரு தவறான சொல் பல மேடைகளில் ஏறிவிடும்.

அவனிடம் அந்த வரியை அழிக்கச் சொல்லவில்லை. ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணையத்தளத்தில் 2005 முதல் எண்ணிமப்படுத்தி வைக்கப்பட்டு வரும் ஈழத்து நூல்களில் எப்படித் தேடுவது என்று காட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவன் திரும்பி வந்தான். அம்மம்மா வீட்டுக்குப் போய்த் துவிச்சக்கரவண்டியில் அந்த இடம் வரை சென்று, வாசகத்தைக் கொப்பியில் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி வந்திருந்தான். ‘வீரமரணம் அடைந்தான்’ என்பதை வெட்டி ‘தோற்கடிக்கப்பட்டான்’ என்று அவனே எழுதி, பக்கத்தில் ‘கல்லில் பார்த்தது’ என்று திகதியும் இட்டிருந்தான். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, வரும் ஓகஸ்டுக்கென உசாத்துணை மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.