கடலில் பிழைத்து வந்தவரின் இருமல்

சேலத்தில் கடல் கிடையாது. இங்கே அவசரச் சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நான் கடல் விபத்தைப் பற்றி எழுதக் காரணம், ஒரு விடியற்காலையில் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர். நாற்பது வயது இருக்கும். இருமல், காய்ச்சல், பேசினாலே மூச்சு வாங்குகிறது.

"வேற ஒண்ணும் இல்லைங்க டாக்டர், கடல்ல நனைஞ்சதுல சளி புடிச்சுக்கிச்சு" என்றார் மனைவி.

விரலில் கருவியை மாட்டினால் ஆக்சிஜன் அளவு 86. சாதாரணமாக 95க்கு மேல் இருக்க வேண்டும். கடலில் எப்படி நனைந்தார் என்று விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அணையில் பரிசல் போட்டு மீன் பிடித்து வளர்ந்தவர். மீன் குறைந்துபோன ஒரு பருவத்தில் பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் விசைப்படகில் கூலி வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். ஒரு ராத்திரி அடிப்பலகை விட்டுத் தண்ணீர் ஏறியது. இறைக்கும் பம்பும் நின்றுவிட்டது. அரை மணி நேரத்துக்குள் படகு போய்விட்டது. மறுநாள் காலை வேறொரு படகு பார்க்கும்வரை, ஏறக்குறைய பதினொரு மணி நேரம், ஐந்து பேரும் தண்ணீரிலேயே கிடந்திருக்கிறார்கள்.

அவர்களை மிதக்கவைத்தது காலி டீசல் கேன்கள். படகு சாயத் தொடங்கியதுமே மூடிகளை இறுக்கி, எல்லாக் கேன்களையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார்கள். காற்று புகாமல் மூடிய 20 லிட்டர் கேன் ஒன்று ஏறக்குறைய 20 கிலோவைத் தாங்கும். நம் உடம்பே பெரும்பாலும் மிதக்கக்கூடியது என்பதால், தலை மட்டும் வெளியே இருக்க நாலைந்து கிலோ தாங்குதல் போதும். தூரத்தில் வெளிச்சம் தெரிந்தபோது ஒருவர் நீந்திப் போகிறேன் என்று கிளம்பினாராம். மற்றவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள். மிகச் சரியான முடிவு. கடலில் வெளிச்சம் பக்கத்தில் இருப்பதுபோல்தான் தெரியும். தேடி வருகிறவர் கண்ணுக்கும் தனித் தலை சிக்காது, கும்பல் சிக்கும். கவிழ்ந்த படகு மிதந்துகொண்டிருந்தால் அதையும் விட்டுப் போகக் கூடாது.

தாகத்தில் கடல் நீரைக் குடிக்கவில்லையா என்று கேட்டேன். படகை ஓட்டியவர் விடவில்லை என்றார். அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. அதை வெளியேற்ற, குடித்த நீரைவிட அதிக நீரைச் சிறுநீரகம் செலவழிக்கும். குடிக்கக் குடிக்க உடம்பு வறண்டுதான் போகும்.

நம் கடல் வெதுவெதுப்பானதுதானே, குளிரால் என்ன ஆபத்து என்று சிலர் கேட்பார்கள். கடல் நீர் 28 டிகிரி என்றாலும் உடம்பு 37 டிகிரி. காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஒரு மணி நேரத்தில் தெரியாது, ஒரு ராத்திரியில் தெரியும். அதனால் உடுப்பைக் கழற்றக் கூடாது, சும்மா கைகால் அடிக்கக் கூடாது. முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஒட்டி மிதக்க வேண்டும்.

அப்புறம் அவர் சொன்னதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். காப்பாற்ற வந்த படகைப் பார்த்ததும் ஐந்து பேரும் கத்தியிருக்கிறார்கள். அந்த ஐவரில் வயதானவர் ஒருவர், அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர். கைகளைப் பிடித்து மேலே இழுத்து, பலகையில் சாய்த்து உட்காரவைத்திருக்கிறார்கள். அங்கேயே சரிந்துவிட்டார். எழவில்லை.

இது கடல் மருத்துவத்தில் தெரிந்த விஷயம். கழுத்தளவு நீரில் நெடுநேரம் இருக்கும்போது, சுற்றியிருக்கும் நீர் கால்களையும் வயிற்றையும் அழுத்தி ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளிவைக்கும். அந்த நேரத்தில் உடம்பு சிறுநீராக நிறைய நீரை இழந்துவிடும். செங்குத்தாகத் தூக்கினால் அழுத்தம் ஒரே நொடியில் போய், ரத்தம் காலுக்கு இறங்கி, இதயத்துக்கும் மூளைக்கும் போதாமல் ஆகும். பிழைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் அதுவரை தாங்கிப்பிடித்த பதற்றமும் தளர்ந்துவிடும். 1979இல் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் பந்தயத்தில் புயலில் சிக்கி 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். மீட்க வந்த கப்பலில் ஏறும்போதே நினைவிழந்தவர்களும் அவர்களில் உண்டு.

ஆகவே நெடுநேரம் நீரில் கிடந்தவரை முடிந்தவரை படுக்கைவாட்டில் தூக்குங்கள். அக்குளுக்கு அடியில் ஒரு கயிறு, முழங்காலுக்கு அடியில் ஒரு கயிறு. அல்லது வலையில் உருட்டி ஏற்றலாம். முகம் நீரில் மூழ்குகிறது என்றால் யோசிக்காமல் எப்படியாவது தூக்குங்கள், மூச்சுதான் முதலில். ஏற்றியபின் படுக்கவே வையுங்கள். ஈரத்தை மாற்றிப் போர்த்துங்கள். கைகாலைத் தேய்க்க வேண்டாம், பிராந்தி கொடுக்கவே வேண்டாம். நல்ல நினைவு இருந்தால் மட்டும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக.

நினைவில்லை, மூச்சும் இல்லை என்றால் நம் ஊரில் செய்வது இரண்டு. வயிற்றை அமுக்குவது, தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது. இரண்டையும் செய்து கொண்டுவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வயிற்றிலிருக்கும் நீரும் சோறும் நுரையீரலுக்குப் போவதுதான் மிச்சம், பொன்னான நிமிடங்களும் வீண். மூழ்கியவருக்குக் குறைவது காற்று. மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், இரண்டு ஊதல், அப்படியே தொடருங்கள். ஒருவர் 108க்கு அழைக்கட்டும். கடல் என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

இது கடலுக்கு மட்டுமில்லை. மேட்டூர் அணை நீர் வற்றும்போது மூழ்கிய கோயிலின் நந்தி தலைகாட்டும் பண்ணவாடியில் பரிசல் ஏறுகிறவர்களுக்கும், பூலாம்பட்டியில் அக்கரை போகிறவர்களுக்கும், ஏற்காடு ஏரியில் படகு விடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். லைஃப் ஜாக்கெட்டின் வார்களைப் பூட்டாமல் தோளில் தொங்கவிட்டால், விழுந்த வேகத்தில் அது தனியாக மிதக்கும், நீங்கள் தனியாக. போட்டோவுக்காகக் கழற்றும்படி குழந்தைகளிடம் சொல்லாதீர்கள்.

சரி, நம்மவர் கதைக்கு வருகிறேன். அவருக்கு இருந்தது சளி இல்லை. உள்ளே போன கடல் நீரால் நுரையீரல் கெட்டு, நிமோனியா ஆகியிருந்தது. தண்ணீரில் மூச்சுத் திணறி மீண்ட எவரையும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் நன்றாக இருப்பவருக்கும் சில மணி நேரத்தில் இருமல், மூச்சு வாங்குதல் தொடங்கலாம். ஏழெட்டு மணி நேரமாவது கண்காணிப்பு தேவை. இவர் கரைக்கு வந்ததும் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறியிருக்கிறார்.

ஒன்பது நாள் வார்டில் இருந்தார். நுரையீரல் தேறியது, தூக்கம் தேறவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிக்கவே பயப்படுகிறார் என்று மனைவி சொன்னபிறகு மனநல மருத்துவரையும் பார்க்கவைத்தோம். அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போகிற அன்று அவர் கேட்டார்: "அந்த அண்ணனை நான்தானுங்க கையப் புடிச்சு தூக்கி உக்கார வெச்சேன். படுக்க வெச்சிருந்தா இருந்திருப்பாருங்களா?"

"அண்ணா, உங்களுக்கு அதை யாரும் சொல்லித் தரலை. பதினொரு மணி நேரம் அவரை விடாம கூடவே வெச்சிருந்தீங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, முழங்காலுக்கு அடியில் கயிறு எந்த இடத்தில் வர வேண்டும் என்று காட்டச் சொன்னார். கட்டிலிலேயே அவர் மகனைப் படுக்கவைத்து, போர்வையை முறுக்கிக் காட்டினேன்.