இன்னசென்ஸ்: வெகுளியா, அப்பாவியா, வேறு ஏதாவதா?

பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் போன வாரம் ஒரு சந்தேகத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் படித்துவிட்டு, இன்னசென்ஸ், பிரிஜுடிஸ் என்ற இரண்டு எதிர்ச்சொற்களை வைத்து அதைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம், முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டாள். "இன்னசென்ஸுக்குத் தமிழில் என்ன மாமா? செல்போன் அப்பாவித்தனம்னு காட்டுது, என் ஃபிரண்டு வெகுளித்தனம்னு எழுதியிருக்கா." கள்ளமின்மை என்று போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் நான் சொன்னதும் பாதிதான் சரி.

ஏன் பாதி என்றால், அந்த நாவலே இந்தச் சொல்லின் இரண்டு பொருள்களின் மேல்தான் நிற்கிறது. 1960இல் வந்த நாவல், அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கியது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேகோம் என்கிற கற்பனை ஊர், 1930களின் பொருளாதார மந்த காலம். கதை சொல்பவள் ஸ்கவுட், தொடங்கும்போது அவளுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. இவள் ஒரு இன்னசென்ட், குழந்தை. இவளுடைய அப்பா அட்டிகஸ் வக்கீல். அவர் வாதாடுவது டாம் ராபின்சன் என்கிற கறுப்பின இளைஞனுக்காக. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியைப் பலாத்காரம் செய்தான் என்று அவன்மேல் வழக்கு. அவனும் இன்னசென்ட், அதாவது குற்றம் செய்யாதவன். ஆங்கிலத்தில் ஒரே சொல் வீட்டுத் திண்ணையிலும் கோர்ட்டுக் கூண்டிலும் நிற்கிறது. தமிழில் முதலாமவளுக்குக் கள்ளமற்றவள் என்போம், இரண்டாமவனுக்கு நிரபராதி என்போம், இரண்டுக்கும் உள்ள உறவு அறுந்துவிடுகிறது.

சரி, சொல்லின் வேருக்குப் போவோம். லத்தீனில் நொகேரே என்றால் தீங்கு செய்தல், காயப்படுத்துதல். முன்னால் இருக்கும் 'இன்' எதிர்மறை. ஆக இன்னசென்ட் என்றால் தீங்கு செய்யாதவர், அவ்வளவுதான். ஒன்றும் தெரியாதவர் என்ற பொருள் வேரில் எங்குமே இல்லை. இதே நொகேரேயிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான் நாம் தினமும் சொல்லும் நியூசன்ஸ். யாருக்கும் நியூசன்ஸாக இல்லாதவர் இன்னசென்ட் என்று சொன்னால் சொல்லாராய்ச்சிப்படி அதில் பிழையே கிடையாது.

இப்போது நம் சொற்களைப் பாருங்கள். வெள்ளந்தி, விவரம் தெரியாத பிள்ளை, சூதுவாது அறியாதவன், பச்சப்புள்ள, பால்மணம் மாறாதவன். பெரும்பாலும் 'தெரியாது', 'அறியாது', 'இன்னும் முதிரவில்லை' என்ற பக்கமே சாய்கின்றன. வெகுளி கதை இன்னும் வேடிக்கை. தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளி என்பது கோபம். குறளில் வெகுளாமை என்றால் கோபப்படாமல் இருத்தல். அந்தச் சொல் எப்படியோ தலைகீழாகப் புரண்டு இன்று கோபமே வராத ஏமாளிக்குப் பெயராகிவிட்டது. அப்பாவியை அ, பாவி என்று பிரித்துப் பாவி அல்லாதவர் என்று விளக்குபவர்கள் உண்டு. அது ஒன்றுதான் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் ஓரளவு பொதுவாக வரும் ('அப்பாவி மக்கள் பலி' என்று பேப்பரில் போடுகிறார்களே), ஆனால் அதோடு ஒரு பரிதாபமும் கொஞ்சம் மட்டம்தட்டலும் ஒட்டிக்கொண்டே வருகிறது. அட்டிகஸ் எழுந்து நின்று "என் கட்சிக்காரர் அப்பாவி" என்று சொன்னால் கருணை மனு போடுகிறாரோ என்று தோன்றும்.

வேர்ப்பொருளுக்கு நேரான சொல் நம்மிடம் இருக்கத்தான் இருக்கிறது. இன்னா செய்யாமை. திருக்குறளின் 32ஆம் அதிகாரம். இன்னா என்பது துன்பம், தீங்கு. அதைச் செய்யாதிருத்தல், லத்தீன் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரித்து மொழிபெயர்த்தாலும் இதுதான் கிடைக்கும். இரண்டும் 'இன்னா' என்று ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல், தயவுசெய்து இதை 'லத்தீனுக்கும் தமிழே தாய்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓடவிடாதீர்கள். லத்தீனில் 'இன்' எதிர்மறை. நம் இன்னாவில் எதிர்மறை பின்னால், அந்த ஆகாரத்தில் இருக்கிறது. வேறு வேறு சங்கதி.

இந்தப் பொருளை வைத்துக்கொண்டு நாவலைத் திரும்பப் படித்தால் தலைப்பு பளிச்சென்று திறக்கிறது. மாக்கிங்பேர்ட் என்கிற பாட்டுப் பறவையைச் சுடுவது பாவம் என்கிறார் அட்டிகஸ். ஏன் என்று எதிர்வீட்டு மிஸ் மாடியிடம் கேட்கிறாள் ஸ்கவுட். அது தோட்டத்தைத் தின்று அழிப்பதில்லை, சோளக் களஞ்சியத்தில் கூடு கட்டுவதில்லை, நமக்காகப் பாடுவதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை என்கிறாள் அவள். இது இன்னசென்ட் என்ற சொல்லுக்கு அகராதி எழுதியதுபோல இல்லையா? அந்தப் பறவைக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் சொல்லவில்லை. தெரியாமல் என்ன, மற்ற பறவைகளின் குரலையெல்லாம் கேட்டுப் பாடும் கெட்டிக்காரப் பறவை அது. யாருக்கும் கெடுதல் செய்யாது என்றுதான் சொல்கிறாள்.

இங்கேதான் அக்கா மகளின் இரண்டாவது சொல் வருகிறது, பிரிஜுடிஸ். இதன் வேர் நேராகக் கோர்ட்டிலிருந்து வருகிறது. லத்தீனில் ப்ரே என்றால் முன், யூதிகியும் என்றால் தீர்ப்பு. முன்தீர்ப்பு. விசாரிக்கும் முன்பே முடிவு. ஆகவே முன்முடிவு என்ற இன்றைய தமிழ்ச்சொல் கச்சிதம். பாரபட்சம் என்று எழுதுகிறார்கள், அது ஒரு பக்கம் சாய்வது, முன்முடிவால் விளைவது. காழ்ப்பு என்றால் உள்ளே பகை இருக்க வேண்டும். முன்முடிவுக்குப் பகைகூடத் தேவையில்லை, விசாரிக்காமல் இருந்தாலே போதும். கண்ணகி பாண்டியனை எப்படிக் கூப்பிட்டாள்? 'தேரா மன்னா' என்று. ஆராயாத மன்னனே என்று பொருள். கொடியவனே என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அவள் சொல்லவில்லை.

டாமின் வழக்கில் தேர்ந்து பார்க்க வேண்டியது கண்முன்னாலேயே கிடக்கிறது. அந்தப் பெண் மயெல்லாவுக்குக் காயம் முகத்தின் வலப்பக்கம். எதிரே நின்று அடித்தவன் இடக்கையால் அடித்திருக்க வேண்டும். டாமின் இடக்கை சிறுவயதிலேயே பஞ்சு அரைவை இயந்திரத்தில் சிக்கிச் செயலற்றுப்போனது. பெண்ணின் அப்பன் பாப் யூவெல் இடக்கைப் பழக்கக்காரன், கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் இடக்கையால் கையெழுத்துப் போட்டுக் காட்டுகிறான். ஜூரிகள் அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள். குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

சட்ட ஆங்கிலத்தில் பிரிஜுடிஸுக்குத் தீங்கு என்ற பொருளும் உண்டு. வக்கீல் கடிதங்களில் 'வித்தவுட் பிரிஜுடிஸ்' என்று தலையில் போடுவார்களே, அது 'உரிமைக்குப் பாதகமின்றி'. ஆக ஒரு சொல் தீங்கு செய்யாமை, இன்னொன்று தீங்கு. எதிர்ச்சொற்கள் என்றால் இந்தக் கணக்கில்தான். குழந்தைக்கு முன்முடிவு கிடையாது, வளர்ந்தால்தான் வரும் என்று நாவலைப் பற்றி வழக்கமாக எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெருவில் வீட்டைவிட்டே வராத பூ ராட்லியைப் பற்றி அணிலைப் பச்சையாகத் தின்பவன் என்று நம்புவது யார்? இந்தக் குழந்தைகள்தான். அரசு வக்கீல் டாமை அவமரியாதையாகக் குறுக்கு விசாரணை செய்வதைப் பொறுக்காமல் சிறுவன் டில் அழுகிறான். அவனை வெளியே ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போன ஸ்கவுட் என்ன சொல்கிறாள் தெரியுமா, என்ன இருந்தாலும் அவன் கறுப்பன்தானே என்று. அதே ஸ்கவுட்தான் அதற்கு முன்பு, டாமை அடித்துக் கொல்ல ஜெயில் வாசலில் கூடிய கும்பலுக்குள் நுழைந்து, அதிலிருந்த கன்னிங்ஹாமைப் பார்த்து வணக்கம் சொல்லி, உங்கள் பையன் வால்டர் என்னோடுதான் படிக்கிறான், நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்றவள். அந்த ஆள் குனிந்து அவள் தோளைப் பிடித்து, சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் இரண்டு இடத்திலும் அதே அளவு தெரியாதவள்தான் அவள். ஜெயில் வாசலில் ஒரு உயிர் தப்புகிறது, மரத்தடியில் அவள் வாயிலிருந்து ஊர்ப்பேச்சு அப்படியே வருகிறது.

அக்கா மகளுக்கு மறுபடி போன் செய்தேன். குழந்தைகளுக்குக் கள்ளமின்மை என்றே இருக்கட்டும், டாமுக்குக் குற்றமற்றவன், பறவைக்கு மட்டும் இன்னா செய்யாதது என்று எழுது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மாமா, டாமும் அந்தப் பறவைதானே, அப்ப அவனுக்கு ஏன் வேற சொல்லு?" என்றாள். நான் சொன்னதை அடித்துவிட்டு இரண்டுக்கும் ஒன்றையே போட்டிருக்கிறாள்.