செக்யூரிட்டி டைலமா: சிக்கலா, இக்கட்டா?

நாடுகளுக்கு இடையிலான உறவைப் படிப்பவர்கள் பயன்படுத்தும் 'செக்யூரிட்டி டைலமா' என்ற சொல்லைத் தமிழில் 'பாதுகாப்புச் சிக்கல்' என்று எழுதினால் பாதிப் பொருள் போய்விடும். எல்லையில் கள்ளக்கடத்தல் நடந்தால் அதுவும் பாதுகாப்புச் சிக்கல்தான். இந்தச் சொல் குறிப்பது வேறு. ஒரு நாடு தற்காப்புக்கென்றே படையைப் பெருக்குகிறது. பக்கத்து நாடு அதைப் பார்த்துப் பயந்து தானும் பெருக்குகிறது. கடைசியில் இரண்டுமே முன்பைவிட ஆபத்தில் நிற்கின்றன. சரி, பெருக்காமல் இருக்கலாமா? அடுத்தவன் பெருக்கிவிட்டால் கதை முடிந்தது.

டைலமா கிரேக்கச் சொல். 'டி' என்றால் இரண்டு. 'லெம்மா' என்றால் வாதத்தில் எடுத்துக்கொள்ளும் எடுகோள். இரண்டில் எதை ஏற்றாலும் மாட்டிக்கொள்ளும் வாதத்துக்குத் தர்க்கத்தில் அந்தப் பெயர். 1950இல் ஜான் ஹெர்ஸ் அதைப் பாதுகாப்போடு சேர்த்துக் கலைச்சொல்லாக்கினார். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர் அவர். அடுத்த ஆண்டே ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் பட்டர்ஃபீல்டும் இதே கருத்தை எழுதினார்: நம் நோக்கம் நல்லது என்று நமக்குத் தெரியும், எதிராளியின் பயத்துக்குள் புகுந்து பார்க்க நம்மால் முடியாது.

இது எப்போது முற்றும் என்பதற்கு 1978இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஜெர்விஸ் இரண்டு கேள்விகள் வைத்தார். தாக்குவது எளிதா, தடுப்பது எளிதா? தாக்கும் ஆயுதத்தையும் தடுக்கும் ஆயுதத்தையும் பார்த்தவுடன் பிரித்தறிய முடியுமா? தாக்குவது எளிது, பிரித்தறியவும் முடியாது என்றால் நிலைமை மிக மோசம். கேடயம்கூட மிரட்டும்: ஏவுகணையைத் தடுக்கும் ஏற்பாடு இருப்பவன் பதிலடிக்கு அஞ்சாமல் முதல் அடி அடிக்கலாம். அதனால்தான் 1972 ஒப்பந்தத்தில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் தடுப்பு ஏவுகணைகளுக்கே வரம்பு கட்டின.

உதாரணத்துக்கு, முதல் உலகப் போர் மூண்ட 1914 ஜூலை கடைசியைக் கிட்டத்தில் பாருங்கள். செர்பியாமீது போர் தொடுத்த ஆஸ்திரியாவை மட்டும் எச்சரிக்கப் பகுதிப் படைதிரட்டல் போதும் என்று ரஷ்யா எண்ணியது. பகுதியாகத் தொடங்கினால் பிறகு முழுத் திரட்டலின் ரயில் அட்டவணையே குலைந்துவிடும் என்றார்கள் தளபதிகள். ரஷ்யப் பேரரசர் ஜார் 29ஆம் தேதி முழுத் திரட்டலுக்கு இசைந்தார், இரவே நிறுத்தினார், மறுநாள் மீண்டும் ஆணையிட்டார். ரஷ்யப் படை எல்லைக்கு வந்து குவியுமுன் அதன் கூட்டாளியான பிரான்சை வீழ்த்த வேண்டும் என்பது ஜெர்மனியின் திட்டம். எனவே ரஷ்யா திரட்டிய ஒவ்வொரு நாளும் ஜெர்மனிக்கு இழப்பு. 31ஆம் தேதி ரஷ்யாவுக்கு ஜெர்மனி 12 மணி நேரக் கெடு வைத்தது. ஆகஸ்ட் 1இல் போர்ப் பிரகடனம்.

தமிழில் இதற்கு உவமை பழையது. பொருள் தேடப் பிரிந்த தலைவன் கடமைக்கும் காதலுக்கும் நடுவே தவிப்பதை, இருதலைக் கொள்ளியின் இடையில் நின்ற எறும்பாகச் சொல்கிறது அகநானூறு. ஆனால் அந்த எறும்பு தீ வைக்கவில்லை. இங்கே எறும்பே தீயை ஊதிவிடுகிறது. உவமை அந்த அளவுக்குப் பொருந்தாது. கலைச்சொல்லாக வைக்க நீளமும் அதிகம். 'பாதுகாப்பு இக்கட்டு' சுருக்கம், பொருளும் கெடாது. 'தடுமாற்றம்' வேண்டாம், அது மனநிலையைச் சொல்கிறதே தவிர எப்படிப் போனாலும் மாட்டிக்கொள்ளும் நிலையைச் சொல்வதில்லை.

ஆயுதப் போட்டி என்றாலே இந்தச் சொல்லைப் போடுவதும் தவறு. இரு தரப்பும் உள்ளதைக் காக்கவே நினைத்திருக்க வேண்டும். 1939இல் போலந்து மீது ஹிட்லர் பாய்ந்தது இக்கட்டு அல்ல, அபகரிப்பு. 1914இலும் ஜெர்மன் தலைமை ஆதிக்கம் தேடியே இறங்கியது என்று 1961இல் ஜெர்மன் வரலாற்றாசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் வாதிட்டார். அதை ஏற்பவர்கள் மேலே சொன்ன உதாரணத்தையே அடித்துவிடுவார்கள்.