டி.ஆர்.ஓ. வாங்கும் முன் டேபிளை ஆட்டிப் பாருங்கள்

வீட்டுக் கொட்டகையில் மில்லிங் மெஷின் வைத்திருப்பவர்கள், டேபிளின் நகர்வை அளந்து திரையில் எண்ணாகக் காட்டும் டி.ஆர்.ஓ. (டிஜிட்டல் ரீட்அவுட்) வாங்கும் முன் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஸ்கேல் ஐந்து மைக்ரான் போதுமா, ஒரு மைக்ரான் வாங்கலாமா?" மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு; அவர்கள் கேட்பது திரை காட்டும் மிகச் சிறிய படியை. பதிலுக்கு நான் கேட்பது: "கிப்பை, அதாவது டேபிளைச் சறுக்குத் தடத்தில் ஆட்டமில்லாமல் பிடித்து வைக்கும் பட்டையை, கடைசியாக எப்போது சரிசெய்தீர்கள்?" பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

ஸ்கேல் என்பது அலுமினிய உறைக்குள் இருக்கும் கண்ணாடி அளவுகோல், அதைப் படித்தபடி ஓடுவது ரீடர் ஹெட். ரீடர் ஹெட் ஸ்கேலின் மேல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் டி.ஆர்.ஓ. காட்டுகிறது. கட்டர் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. கிப் தளர்ந்த டேபிள் நகரும்போது லேசாகத் திரும்பவும் செய்யும். 500 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. திரும்பினாலே, ஸ்கேலிலிருந்து 150 மி.மீ. தள்ளிப் போடும் துளை 15 மைக்ரான் பிசகும். திரையில் அது தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட மெஷினுக்கு ஒரு மைக்ரான் ஸ்கேல் வீண் செலவு. டேபிளின் முனையில் டயல் கேஜை (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் கருவி) வைத்துக் கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். முள் துள்ளினால் முதல் வேலை கிப். வீட்டுப் பட்டறைக்கு ஐந்து மைக்ரான் தாராளம்.

பொருத்தும்போது அதிக நேரம் எடுப்பது ஸ்கேலை டேபிள் ஓட்டத்துக்கு இணையாக நிறுத்துவதுதான். முழு நீளத்துக்கும் 0.1 மி.மீ.க்குள் வர வேண்டும். மேல்பக்கத்தில் ஒரு முறை, முகப்பில் ஒரு முறை டயல் ஓட்டிப் பார்க்க வேண்டும். டேபிளின் பின்புறம் பல மெஷின்களில் வார்ப்பின் மேல் பெயிண்ட் அடித்த கரடுமுரடான பரப்புதான். அதில் அப்படியே வைத்து போல்ட்டை இறுக்கினால் அலுமினிய உறை வளைந்துகொள்ளும். ஷிம் (மெல்லிய தகடு) வைத்து மட்டம் பிடியுங்கள்.

"ஒரு மி.மீ. சாய்ந்தால் என்ன குடி முழுகிவிடும்?" என்பார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டால், 500 மி.மீ.க்கு ஒரு மி.மீ. சாய்வால் வரும் அளவுப் பிழை ஒரே ஒரு மைக்ரான்தான். ஆனால் உள்ளே சிறு பேரிங்குகளில் கண்ணாடியை ஒட்டி ஓடும் ரீடர் பக்கவாட்டில் இழுபடும். எண் விட்டுவிட்டு ஓடும். நாளடைவில் கண்ணாடியில் கீறல் விழும். சாய்வு தின்பது அளவை அல்ல, ஸ்கேலை.

ஸ்கேலோடு வரும் பிளாஸ்டிக் துண்டுகள் ரீடருக்கும் உறைக்கும் நடுவே வேண்டிய இடைவெளியைப் பிடித்து வைத்திருப்பவை. ரீடரை இறுக்கி முடிக்கும்வரை அவற்றைக் கழற்றாதீர்கள். ஸ்கேலின் ரப்பர் மூடிய வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், கூலண்ட்டும் (குளிர்விக்கும் திரவம்) உலோகப் பிசிரும் உள்ளே இறங்காது. அந்த வாயில் கம்ப்ரசர் காற்றைப் பிடிப்பது, பிசிரைக் கையால் எடுத்து உள்ளே போடுவதற்குச் சமம். கைப்பிடியை மெல்லச் சுற்றி இரு கோடிக்கும் டேபிளை ஓட்டிப் பாருங்கள். ரீடர் ஸ்கேலின் முனையை முட்டும் முன் டேபிள் நின்றுவிட வேண்டும்.

பேக்லாஷ், அதாவது டேபிளை நகர்த்தும் ஸ்குரூவுக்கும் நட்டுக்கும் இடையிலான ஆட்டம் பற்றி ஒரு வார்த்தை. டேபிளையே நேரடியாக அளப்பதால் ரீடிங்கில் பேக்லாஷ் சேராது, உண்மை. ஆனால் ஸ்குரூவிலும் நட்டிலும் தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது. கட்டர் சுழலும் திசையிலேயே டேபிளை ஓட்டி ஆழமாக வெட்டினால், கட்டர் ஜாப்பை (வெட்டப்படும் துண்டை) இழுத்துக்கொண்டு போய்விடும். துளை போடும் முன் டேபிளை லாக் செய்யும்போது கடைசி இலக்கம் இரண்டு படி நகர்வதைப் பார்த்து, டி.ஆர்.ஓ. பழுது என்று போன் செய்பவர்கள் உண்டு. அது பழுதல்ல, லாக் இறுகும்போது டேபிள் உண்மையிலேயே 10 மைக்ரான் தள்ளப்படுகிறது. லாக் செய்த பிறகு எண்ணைப் பாருங்கள், தேவையானால் தளர்த்தித் திருத்துங்கள், பிறகு ட்ரில்லை இறக்குங்கள்.